கிருமிகளுக்கு ஒரு சட்டை

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் நல்லா இருக்கேன். உங்க முதுகுவலி தேவலையா? பாப்பா அடம்பிடிக்காம சாப்பிடுறாளா?

டிப்போ மண்ணில ஊறின டீசலைத் தின்னுற கிருமிகளை வளர்க்கிறேனே, போன வாரம் அதுகளோட சூட்டுப்பெட்டி பழுதாயிடுச்சு. குளிர்ந்தா ரெண்டு வருஷ உழைப்பு போச்சு. பதறாதீங்க, ஒண்ணும் ஆகலை. பெட்டி சரியாகுற வரைக்கும் புட்டிகளை ரூமுக்குக் கொண்டுவந்து, தலையணைக்கடியில இருந்த உங்க சட்டையில சுத்தி மடியில வெச்சிருந்தேன். கூடத் தங்கியிருக்கிற பொண்ணு, “எத்தனை மாசம் குழந்தைக்கு?”ன்னு கேட்டுச் சிரிச்சா.

எல்லாம் பிழைச்சிடுச்சு. சட்டைதான் ஒரே டீசல் நாத்தம்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு. பெட்டி மறுபடி மக்கர் பண்ணினா வேணுமே, இன்னொரு பழைய சட்டை அனுப்புங்க. கிருமிகளுக்குத்தான்.

துவைச்சிடாதீங்க.

உங்க,
டீசல்காரி