இருபத்து மூன்றாவது பெயர்

லா சப்பல், பாரிஸ்
12.11.2013

அன்புள்ள அம்மாவுக்கு, மிருணாளினி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாயிருக்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் பிழைவிட்ட அப்புக்காத்து வக்கீல்மாரையும் கப்பல் கப்டன்மாரையும் விசாரித்த பதிவேடுகளை இப்போது வேலை செய்யும் கந்தோரில் கணினியில் ஏற்றுகிறேன். மூழ்கும் கப்பலில் பயணிகளை விட்டுவிட்டுத் தப்பிய ஒரு கப்டனின் அனுமதிப்பத்திரத்தைப் பறித்திருக்கிறார்கள். இறந்த இருபத்திரண்டு பேரின் பெயர்களும் இருக்கின்றன. தம்பி கீர்த்தனனோடு கடலில் மூழ்கிய படகை ஓட்டியவனும் அப்படித்தான் தப்பினான். அவனை ஒருவரும் விசாரிக்கவில்லை.

பட்டியலின் கடைசியில் தம்பியின் பெயரையும் சேர்த்துவிட்டேன். மேலதிகாரி ரோசாலி, பாண்டிச்சேரிக்காரர், கண்டுபிடித்துவிட்டார்.

"இந்தப் பேரு ரெஜிஸ்டர்ல இல்லையே?"

"ஓம் மடாம், பிழையாப் போச்சு."

நானே அழித்தேன். அவர் ஏசவில்லை, நீங்கள் யோசிக்காதேங்கோ.

இங்கே ஒடியல்மா கூடக் கிடைக்கிறது, சாப்பாட்டுச் சாமான் வேண்டாம். ரயிலுக்கு நேரமாகிறது. தம்பியின் படம் ஒன்று மட்டும் அனுப்புங்கோ.

மகள்
மிருணாளினி