யானைக்கு முன்னால் சிரித்த படம்

அன்பு மகன் சக்திகுமாருக்கு, அப்பா சொல்லச் சொல்ல, மாடியில் குடியிருக்கும் யாக்கோபு எழுதுவது. இங்கே நான் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே தாய்லாந்தில் நீயும் அமலாவும் பாப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வல்லக்கோட்டை முருகன் துணை. போனில் நான் ஆரம்பித்தாலே டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். எழுதியதை போட்டோ பிடித்து உடனே அனுப்பிவிடலாம் என்றான் யாக்கோபு. போட்டோ செய்த வேலை போதும், தபாலில் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் அத்தி வரதரைக் குளத்திலிருந்து எடுத்தார்களே, நீ டிவியில் பார்த்தாயே அது இல்லை, அதற்கு முந்தின தடவை. எம்.ஜி.ஆர் முதல் தடவை முதலமைச்சராக இருந்த சமயம், ஒரகடத்தில் ஒரு கம்பெனியும் இல்லை, நம்ம சிவப்பு மாடு இரட்டைக் கன்று போட்ட வருஷம். மாமன் வண்டி ஓட்ட, அம்மா, உன் பெரியப்பா ஏகாம்பரம், அப்போதுதான் கல்யாணமாகி வந்த கனகம் அண்ணி, நான், இத்தனை பேரும் வாலாஜாபாத் வழியாகப் போனோம். வரிசையில் நிற்கும்போது வெளியே கோயில் யானை வந்தது, நான் அதன் பின்னாலேயே போய்விட்டேன். இருபத்து மூன்று வயசு தடியன், சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட அண்ணன், தம்பி இல்லாமல் நான் மட்டும் சாமி பார்க்க மாட்டேன் என்று வரிசையை விட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அன்றைக்கு ஒருவரும் சாமி பார்க்கவில்லை. மறுபடி நாற்பது வருஷம் கழித்துத்தான் நானும் அவரும் சேர்ந்து பார்த்தோம். யானையைப் பார்த்தால் என் தம்பி ஊரை மறந்துவிடுவான் என்று கல்யாண வீடு, காது குத்து எங்கே போனாலும் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நீ. அதனால்தான் நான் அங்கே வந்திருந்தபோது யானைக் காப்பகத்துக்குக் கூட்டிப் போகிறாய் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போகிற வழியில் உன் போன் அடித்தது. பெட்ரோல் பங்கில் இறங்கிப் பேசிவிட்டு வந்தாய், கண் சிவந்திருந்தது, கேட்டதற்கு நைட் ஷிப்ட் பார்த்த தூக்கம் என்றாய். நானும் நம்பினேன். அங்கே யானை மேல் ஏறக்கூடாது, சங்கிலி கிடையாது, மரம் இழுத்து ஓய்ந்த கிழட்டு யானைகளைச் சும்மா மேய விட்டிருந்தார்கள். கண் தெரியாத ஒன்றும் அதை உரசிக்கொண்டே நடக்கிற இன்னொன்றும் இருந்தன. நான் வாழைப்பழம் கொடுத்தேன், தும்பிக்கை என் தலையைத் தடவியது, நான் சிரித்தேன், அமலா படம் எடுத்தாள். அங்கிருந்த பாகன் ஏதோ சொன்னான், நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய், இதுல ஒண்ணு செத்துட்டா இன்னொண்ணு நவுராதாம்பா, அது போதும்னு நினைக்கிற வரைக்கும் இவங்க பக்கத்துலயே நிக்க வுடுவாங்களாம் என்று. சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தாய். வேர்வை என்று நினைத்தேன். அந்நேரம் உன் பெரியப்பா இங்கே ஐஸ் பெட்டியில் இருந்தார். அப்புறமும் எத்தனை தடவை அண்ணனிடம் பேசணும் என்று கேட்டிருப்பேன், பெரியப்பா போன் தண்ணியில் விழுந்துவிட்டது என்றாய்.

ஊருக்கு வந்து டாக்சியை விட்டு இறங்கினால், கழுத்தில் அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறான் உன் பெரியப்பா மகன் திருமலை. மொட்டைத் தலையில் முடி இப்போதுதான் முளைக்கிறது, மீசையும் இல்லை. அப்போதும் என் புத்தியில் ஏறவில்லை, "இன்னாடா, வல்லக்கோட்டைல முடி குடுத்தியா?" என்று கேட்டேன். "நடிக்காத சித்தப்பா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டான். அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். மாலை போட்ட படம் இருந்தது. கனகம் அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷம் தம்பி என்று கூப்பிட்ட வாய்.

"யான நல்லா இருந்துச்சா, கொயுந்தனாரே?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். தம்பி வராமல் எடுக்கக்கூடாது என்று ஒரு பகல் ஓர் இரவு காக்க வைத்தேன், உன் மகன்தான் போன் பண்ணி, அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அப்பா வரவில்லையாம், ஆக வேண்டியதைப் பார்க்கச் சொன்னார் என்றானே என்றார் அண்ணி. பாடை கட்டுகிற நேரத்தில் அமலா வைத்த ஸ்டேட்டஸ் படத்தைத் தெருவே பார்த்திருக்கிறது. அவள் விவரம் தெரியாமல் வைத்தாள் என்றே இருக்கட்டும். என் மகன் பொய் சொன்னான் என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

என் நெஞ்சு தாங்காது என்று மறைத்தாய், லீவு கிடைக்காது என்று பயந்தாய், அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்லாத சொல்லை என் வாயில் வைத்து என் அண்ணன் வாசலுக்கு அனுப்பினாயே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அண்ணன் விளையாட்டுக்குச் சொன்னது உண்மையாகிவிட்டது என்று ஊர் பேசுகிறது. நேற்று அண்ணி வீட்டுத் தென்னை மட்டை என் பக்கம் விழுந்தது, எடுத்துப்போட்டேன், அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. அவருக்குச் சர்க்கரை ஏறிக் கால் வீங்கியிருக்கிறது, வாசல் வரைக்கும்தான் நடக்கிறார்.

பாப்பாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சளி பிடிக்க வைக்காதே, ஓ.டி. ஓ.டி. என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, நன்றாக இருங்கள். என்னைக் கூப்பிட வேண்டாம். திருமலை வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை அவன் போனுக்குக் கூப்பிட்டு, நீ செய்ததை உன் வாயால் சொல். சொல்ல வேண்டியது அவனிடம் இல்லை. அன்றைக்கு வண்டியில் போனவர்களில் மாமன் போனார், அம்மா போனாள், அண்ணனும் போய்விட்டார். என்னைத் தவிர மிச்சம் ஒரே ஆள்தான், அவரிடம் சொல், அவர் இருக்கும்போதே சொல். கனகம் பெரியம்மாவிடம்.

இப்படிக்கு,
உன் அப்பா தசரதன் (கைநாட்டு)