சனிக்கிழமைகளில் மட்டும் சிதம்பரம்

என் அப்பாவுக்கு, ஜெர்மன் வகுப்பில் என் பக்கத்து நாற்காலிக்காரருக்கு,

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நீங்கள் செத்துப்போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. 'காலமானார்' என்று எழுதினால் மரியாதையாக இருக்கும், தெரியும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் யாரோ ஒரு ஆபீசர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன மாதிரி இருக்கிறது. மாற்றலாகிப் போனவர் தீபாவளிக்காவது போன் செய்வார்.

வரும் சனிக்கிழமை தேர்வு. நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவதாக இருந்த தேர்வு. போக வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். நேற்றுக் காலை அது மாறிவிட்டது. எப்படி மாறியது என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

முதலில் வீட்டுச் செய்தி. டெல்லியில், நம் துவாரகாவில், வெயில் ஆரம்பித்துவிட்டது. பி பிளாக் லிஃப்ட் ரிப்பேராகி இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. அடுக்குமாடி சொசைட்டி வாட்ஸப் குரூப்பிலிருந்து உங்கள் நம்பரை யாரும் எடுக்கவில்லை, பார்க்கிங் சண்டை முழுவதும் உங்கள் போனுக்கு வந்து விழுகிறது. அம்மா அந்தப் போனைத் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் கியர்பாக்ஸ் டிசைன் செய்கிறவன். ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் வேலை தருவதாகச் சொன்னார்கள், மொழித் தேர்வில் தேறினால். முதலில் தனியாக ஒரு ஆசிரியரை வைத்துக்கொண்டேன். அவர் என்னை நிறங்களைப் பற்றிப் பாட்டுப் பாடச் சொன்னார். எனக்கு வேண்டியது ஷாஃப்ட், பேரிங், டெலிவரி தேதி. மூன்றாவது வகுப்போடு நின்றுவிட்டேன்.

"மெட்ரோ பக்கத்துல மருந்துக்கடை மாடியில குரூப் கிளாஸ் நடக்காம்லா. நானும் வாரேன், வா போவோம்" என்றீர்கள்.

"நீங்க எதுக்குப்பா?"

"உன்னையப் பாக்க அங்க வந்தா மூணு மாசம் இருக்கணும்லா. காய்கறி வாங்க வேண்டாமா? உங்கம்மா முட்டுவலிய டாக்டர்ட்ட யாரு சொல்லுவா, நீயா? நீ ரெண்டு வார்த்தைல முடிச்சிருவ."

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு ஒரே அமைச்சகத்தில் வாழ்நாள் சர்வீஸ் முடித்தவர் நீங்கள். ரிட்டயர் ஆன பிறகு புத்தகப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக மாடிப்படி ஏறினீர்கள். முதல் வகுப்பிலேயே ரித்திகா மேடம் விதியைச் சொல்லிவிட்டாள். அவளுக்கு என்னைவிட வயது குறைவு. இங்கே அப்பாவும் கிடையாது, மகனும் கிடையாது, எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஜெர்மனியில் ஒன்றாகப் படிக்கிறவர்கள் அப்படித்தான்.

எனக்கு நாக்கு எழவில்லை. அப்பா பெயரைச் சொல்ல நேர்ந்தால் முன்னால் ஒரு 'திரு'வாவது போட்டுப் பழகியவன். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் குனிந்து காதில் சொன்னீர்கள்: "சொல்லுலே. ரூல்னா ரூல்தான்."

"சிதம்பரம்" என்றேன்.

பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். ஆனாலும் திரும்பிப் பின்னால் பார்த்தீர்கள், வேறு யாரோ கூப்பிட்ட மாதிரி.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பிளாட்ஃபாரத்தில் நின்று சொன்னீர்கள். "எங்கண்ணன் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுலே. அவன் போன பொறவு என்னைய யாரு பேரச் சொல்லிக் கூப்பிடுதா? ஆபீஸ்ல சாப். காலனில அங்கிள். உங்கம்மைக்கு நான் 'இங்கேருங்க'. இனி சனிக்கிழமை மட்டும்தான் எனக்குப் பேரு."

"டயலாக் போதும்ப்பா, டிரெயின் வருது" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். டிரெயின் நிஜமாகவே வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருடம். வகுப்பில் நீங்களும் என்னை 'லே' போடாமல் 'செந்தில்' என்றீர்கள். மாடிப்படி இறங்கியதும் மறுபடி 'லே'. அந்த மாடியில் நாம் இரண்டு பேரும் வேறு யாரோ. மார்க் குறைந்தால் முதுகில் தட்டிக்கொள்கிற, டீ இடைவேளையில் ஒரே பிஸ்கட் பாக்கெட்டைப் பங்கு போடுகிற இரண்டு பேர். நான் அவசரப்பட்டுப் பாதி வாக்கியத்தில் அடுத்ததற்குத் தாவுவேன். நீங்கள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். ஆனால் முடிப்பீர்கள்.

தேர்வில் ஒரு பகுதி உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு காரியத்தைச் சேர்ந்து திட்டமிட வேண்டும். பிறந்தநாள், பிக்னிக், ஊரைவிட்டுப் போகிற நண்பனுக்கு விருந்து. எப்போது, எங்கே, யார் என்ன கொண்டு வருவது, எப்படிப் போவது. இந்த நாலு கேள்விக்கும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். எல்லா வாரமும் நாம்தான் ஜோடி. எதைக் கொடுத்தாலும் நீங்கள் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பீர்கள்: "சுவேர்ஸ்ட் ஐன் கோமிட்டே." முதலில் ஒரு கமிட்டி போடுவோம்.

"சிதம்பரம், பர்த்டே பார்ட்டி ஹை. பார்லிமெண்ட் நஹீ" என்பாள் ரித்திகா.

"மேடம், கமிட்டி இல்லாம சமோசா கூட வராது" என்று இந்தியில் பதில் சொல்வீர்கள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். பிறகு வரிசையாகச் சொல்வீர்கள்: சமோசா, குலாப் ஜாமுன், மாலை, சால்வை, சுவர்க்கடிகாரம். குழந்தையின் பிறந்தநாளுக்குக்கூடச் சுவர்க்கடிகாரம். உங்கள் ஆபீஸில் ஒருவர் ரிட்டயர் ஆனால் என்னென்ன நடக்குமோ அதெல்லாம் அந்த வகுப்பில் ஜெர்மனில் நடந்தது. ஆஸ்பத்திரி வேலைக்குப் போகக் காத்திருந்த நர்ஸ் பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள்.

அது ஒரு வியாழக்கிழமை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்லெண்ணெயும் முருங்கைக்காயும் வாங்கிவிட்டு மெட்ரோவுக்கு நடந்திருக்கிறீர்கள். யாரோ ஒரு ஆள் உங்கள் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டான். "பையா, ஜல்தி ஆயியே" என்றான், சீக்கிரம் வரச் சொல்லி. நான் ஜல்தியாகத்தான் வந்தேன் அப்பா. வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அவசரப்பட்டவன், அன்றைக்கு மட்டும் டிராஃபிக்கில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்பே உங்களுக்கு நெஞ்சில் ஏதாவது தெரிந்ததா? படியேறும்போது நின்று நின்று ஏறினீர்களே, வினைச்சொற்களை மனப்பாடம் செய்கிறேன் என்றீர்களே, அது நிஜமா?

முருங்கைக்காய்ப் பையை அந்த ஆள் பத்திரமாகக் கொடுத்தான். ஒன்றுகூட ஒடியவில்லை.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு குப்தா அங்கிள் என்னை உட்கார வைத்துக் கேட்டார். எப்போது எடுப்பது, எங்கே, யார் என்ன வாங்கி வருவது, மயானத்துக்கு எப்படிப் போவது. நான் மடமடவென்று பதில் சொன்னேன். சின்னப் பையன் எவ்வளவு நிதானமாக இருக்கிறான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நிதானம் இல்லை. பழக்கம். ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களோடு செய்த வேலை அது, அதே நாலு கேள்வி. பாதியில்தான் எனக்கு உறைத்தது. எதிரே உட்கார்ந்து, முதலில் ஒரு கமிட்டி என்று சொல்ல ஆள் இல்லை. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். மீதியை அங்கிள்தான் பார்த்துக்கொண்டார்.

மயானத்தில் பண்டிட்ஜி தண்ணீரைக் கையில் ஊற்றிவிட்டு, "பிதாஜி கா நாம் போலியே" என்று உங்கள் பெயரைக் கேட்டார். ஒரு வருடமாக வாய் ஓயாமல் சொன்ன பெயர். வரவில்லை. அவர் இரண்டாம் தரம் கேட்டார். மாமாதான் பின்னாலிருந்து சொன்னார்.

போன மாதம் பென்ஷன் ஆபீஸிலிருந்து போன். அம்மாதான் எடுத்தாள். "பதி கா நாம்?" என்று கணவர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அம்மா போனை என்னிடம் நீட்டினாள். "நீயே சொல்லிருலே. நான் என்னைக்கு அவுக பேரச் சொன்னேன்?" நான் வாங்கிக் காதில் வைத்தேன். "ஹலோ, ஹலோ" என்றார் அந்த மனிதர். அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் அம்மாவைப் பார்க்கிறேன். லைன் கட்டாகிவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லத் தெரியாத இரண்டு பேர் இந்த வீட்டில் இருக்கிறோம் அப்பா.

வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். ஒரு சனிக்கிழமை மட்டும் போய்ப் பார்த்தேன். உங்கள் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மரியாதைக்காக விட்டிருந்தார்கள். அதைவிட யாராவது உட்கார்ந்திருக்கலாம். டீ இடைவேளையில் இறங்கி வந்துவிட்டேன். ரித்திகா மெசேஜ் அனுப்பினாள்: தேர்வில் ஜோடி அவர்களே போடுவார்கள், யாரோ வருவார்கள், நீ வா போதும். நான் பதில் போடவில்லை. அந்தக் கம்பெனி மாதக் கடைசிவரை பார்க்கும், அதற்குள் சான்றிதழ் இல்லாவிட்டால் வேறு ஆளை எடுக்கும். எடுத்துக்கொள்ளட்டும் என்றிருந்தேன். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது? இது நல்ல காரணம். யாரும் மறுத்துப் பேச முடியாத காரணம். அம்மாவைத் தவிர.

நேற்று ஞாயிறு. அம்மா சாப்பாட்டு மேஜையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னலே, சனிக்கிழமைக்குப் படிக்கலையா?"

"போகல."

"என்னைய சாக்கு சொல்லாத. வேற என்ன?"

"பேசிப் பழக ஆள் இல்லம்மா. ரெண்டு பேர் சேர்ந்து பேசணும் அதுல."

"ஏன், நான் இல்லையா?"

"உனக்கு ஜெர்மன் தெரியாது."

"உங்கப்பாவுக்கு மட்டும் ரொம்பத் தெரிஞ்சுதாக்கும். நீ கேளு. நான் 'ம்'னு சொல்லுதேன்."

தாளை எடுத்தேன், அவளைச் சும்மா இருக்கச் செய்வதற்காக. கூட வேலை பார்க்கிறவர் ஊரைவிட்டுப் போகிறார், அவருக்கு ஒரு விருந்து ஏற்பாடு செய்யுங்கள். எதிரே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆரம்பிப்போம் நாம். அங்கேயே நின்றுவிட்டேன்.

"என்ன முழிக்க? அவுகள எப்படிக் கூப்பிடுவியோ அப்படியே என்னையக் கூப்பிடு."

"பேரைச் சொல்லியா?"

"ஆமா. நீ பேரச் சொல்லிக் கூப்பிடுதன்னு வாராவாரம் எங்கிட்ட வந்து சொல்லிச் சிரிப்பாக. எனக்கும் ஆசையாத்தான் இருக்கும், கேக்கணும்னு." கத்தியைக் கீழே வைத்தாள். "கூப்பிடுலே. இந்த வீட்டுல யாராவது ஒருத்தராவது கூப்பிடணும்லா."

"சிதம்பரம்" என்றேன்.

மூன்று மாதத்துக்குப் பிறகு. குரல் என்னுடையது மாதிரியே இல்லை. பிறகு ஜெர்மனில் கேட்டேன்: நம் நண்பர் போகிறார், நாம் என்ன செய்யலாம்?

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு சொல் தவறாமல், நீங்கள் இழுக்கிற அதே இழுப்போடு சொன்னாள்: "சுவேர்ஸ்ட் ஐன் கோமிட்டே."

நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

"சரியாச் சொல்லுதேனா? நிதமும் கண்ணாடியப் பாத்துச் சொல்லுவாக. பொறவு சமோசா வரும். கடைசில கடிகாரம்."

நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன். நீங்கள் போன நாளிலிருந்து நேற்றுதான் ஒழுங்காக அழுதேன். அம்மா அழவில்லை. காயை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த கேள்வி என்ன? கேளு" என்றாள்.

எல்லாக் கேள்வியையும் கேட்டேன் அப்பா. எல்லாவற்றுக்கும் 'ம்' என்றாள்.

சனிக்கிழமை போகிறேன். எதிரே எவனோ எவளோ உட்காருவார்கள். எதைத் திட்டமிடச் சொன்னாலும் முதலில் ஒரு கமிட்டி போடுவோம் என்பேன், மார்க் போனாலும் போகட்டும். தேறினால் அம்மாவை விட்டுப் போவேனா, கூட்டிக்கொண்டு போவேனா, போகவே மாட்டேனா, தெரியாது. அதற்கும் அந்த மேஜையிலேயே கமிட்டி போட்டுக்கொள்கிறோம்.

இன்று காலை பென்ஷன் ஆபீஸுக்கு நானே போன் செய்தேன். கேட்டார்கள். சொன்னேன். அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி எந்த ஊரில் இருந்தாலும் சனிக்கிழமைதோறும் உங்களை ஒரு தரமாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி. பக்கத்தில் இருந்தால் நேரில், இல்லாவிட்டால் போனில். இந்தத் தடவை திரும்பிப் பார்க்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். தெரியும். ரூல்னா ரூல்தான், சிதம்பரம்.

உங்கள் மகன்,
மாடியில் செந்தில், படி இறங்கினால் 'லே'