கை நனைத்த வெள்ளிக்கிழமை

அன்புள்ள நண்பா,

பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள். ஜன்னலை அடைத்துவிட்டு, கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்து, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ இருந்தால் சிரிப்பாய். "அந்த மூக்கக் கழட்டி வச்சிட்டு வாடா, நிம்மதியா இருக்கலாம்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். உன் நினைவும் இந்த நாற்றத்தோடுதான் வந்து தொலைக்கிறது.

உலகச் சண்டை நடந்த காலம் அது. நீ செஞ்சி மண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தாய். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. மத்தியானமானால் நீ ஓடுகிற இடம் சந்தைப் பக்கம் ஒரு குடும்பம் நடத்திய சோற்றுக் கடை. கணவர் பரிமாறுவார், மனைவியும் மகளும் உள்ளே சமைப்பார்கள். நல்ல மனிதர்கள், அதை நான் மறுக்கவில்லை. "வயித்துக்கு வஞ்சன பண்ணாத தம்பி, இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று பெற்ற பிள்ளைக்குப் போடுவது போலப் போடுவார்கள். ஆனால் அந்தப் பெஞ்சு! அதில் கை வைத்தால் ஒட்டும். அதைத் துடைக்கிற துணி பெஞ்சைவிட அழுக்கு. கொல்லையில் எச்சில் இலைக் குவியல், அதில் நாய்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடிவிட்டால் ஊரில் உள்ள ஈயெல்லாம் அங்கேதான். ஒரே ஒரு தரம் வந்தேன். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று உன்னிடமே சொன்னேன்.

நீயோ அந்த வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொள்ளப் போவதாக வந்து நின்றாய். "காலராவுல அப்பா அம்மா போனதுக்கப்புறம் எனக்கு யாருடா இருக்காங்க? மாப்ள வூட்டு ஆளா நீதான் வரணும்" என்றாய். எப்படி மறுப்பேன்? ஒரு வெள்ளிக்கிழமை இருவருமாகப் பெண் கேட்டுப் போனோம்.

சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். நீ இரண்டு வருஷமாக அங்கே தின்று தீர்த்தவன். அதற்கும் பெண்ணின் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். வாசலிலேயே உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு பெஞ்சில ஒக்காரக்கூடாது தம்பி. பெஞ்சில துன்னது வியாபாரம். வூட்டுக்குள்ள வாங்க" என்றார். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே இலை முன் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தால் சம்மதம். பாதியில் எழுந்தால் வேண்டாம் என்று பொருள். இது எனக்குத் தெரியாததல்ல.

அவர்களும் நம்மைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை கறி ஆகாது. ஆகவே கருவாட்டுக் குழம்பு. மூச்சை அடக்கிக்கொண்டு நாலு வாய் விழுங்கிவிட்டேன். ஐந்தாவது வாய்க்குக் கருவாட்டுத் துண்டைப் புரட்டினால், அடியில் ஒரு பச்சை ஈ, வெந்து, இறக்கை விரிந்து கிடந்தது.

நான் இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. அவர் கையில் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றார். அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "இன்னா தம்பி, புடிக்கலியா?" என்று கேட்டார், என்னையல்ல, உன்னைப் பார்த்து. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

நீயோ உன் இலையை வழித்து முடித்தாய். பிறகு என் இலையைப் பிடித்து உன் பக்கம் இழுத்தாய். ஈயை விரல் நுனியால் எடுத்து இலைக்கடியில் சொருகினாய், யாரும் பார்க்கவில்லை. என் கை அளைந்த சோறு, நான் கடித்து வைத்த கருவாடு, எல்லாவற்றையும் பிசைந்து தின்றாய். "சீ! எச்சில்டா!" என்று கத்தினேன். "இவன் எப்பவும் இப்டித்தான். பாதிய எனக்குன்னு வச்சிருவான்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, இலையில் ஒரு பருக்கை விடாமல் முடித்தாய்.

பெண்ணின் அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "மோர் ஊத்தட்டுமா, மாப்ள?" என்றார்.

கொல்லைப் பக்கம் போய் நான் வாந்தி எடுத்தேன். ஈக்காக எடுத்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இல்லை. உனக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே உறவாக வந்து நின்றவன், ஒரு ஈக்காக உன் வாழ்க்கையைக் கையை உதறுவது போல உதறப் பார்த்தானே, அவன் மேல் வந்த அருவருப்பு அது. இன்றுவரை தீரவில்லை. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தரம் திட்டியிருந்தாலாவது தேவலாம்.

போன வாரம் உன் எட்டாம் நாள் துக்கச் சாப்பாடு. உன் மனைவி தானே எனக்கு இலை போட்டார். மீன் குழம்பு. வாசம் பட்டதும் என் முகம் போன போக்கை அவர் கவனித்துவிட்டார் போலும். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"மெதுவா சாப்டுங்க அண்ணே. உங்க எலைய முடிக்க இனிமே ஆளு இல்ல."

முப்பது வருஷமாக அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் தலை நிமிரவில்லை. கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றேன். ருசியாக இருந்தது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வாய்க்கும் குமட்டியது.