இறக்கைக்குச் சட்டை

1919 அக்டோபர் 7, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பதுளையில் கடையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து மளிகைக்காரரிடம் கொடுத்தாயிற்று. தையல் மிஷினை மாட்டு வண்டியில் கட்டி, மடுல்சீமைத் தோட்டம் வந்து சேர இருட்டிவிட்டது. வழியெல்லாம் மிஷின் மேல் சாக்கு, என் மேல் மழை.

எனக்குக் கொடுத்த இடம் தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடியின் ஒரு மூலை. பாய், விளக்கு, ஒரு செம்பு தண்ணீர். எங்கும் பச்சை இலை வாசனை. ரொட்டியும் சம்பலும் அனுப்பியிருந்தார்கள். தனியே தின்றேன். பதுளையிலும் அப்படித்தானே, இதில் என்ன புதுசு.

என் பெண்சாதி ஸபியா மவுத்தாகி மூன்று வருஷம். பிள்ளை குட்டி இல்லை. தனியாக இருந்து பழகிவிட்டது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். இது யார் கண்ணிலும் படாது என்பதால் எழுதுகிறேன்.

அக். 8, புதன்

மழை இல்லை. மூடுபனி.

வேலை என்னவென்று இன்றுதான் சரியாக விளங்கியது. என்னை வரவழைத்த தோட்டத்துச் சின்னத் துரை (கை வலிக்கிறது, இனி சி.து.) சீமைச் சண்டையில் ஏரோப்ளேன் ஓட்டியவர். வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். ஏரோப்ளேனின் ஒரே ஒரு இறக்கையை இங்கேயே செய்து, அடுத்த வாரம் கொழும்பிலிருந்து வரும் சர்க்கார் ஆட்களுக்குக் காட்டப் போகிறாராம். மரச்சட்டம் தோட்டத்து ஆசாரி செய்தது. அதற்குத் துணி போர்த்தித் தைப்பது நான். முப்பது வருஷமாக மனுஷனுக்குத் தைத்தவன், இனி இறக்கைக்குச் சட்டை.

சண்டை நடந்தபோது சீமையிலிருந்து தேயிலைப் பெட்டிக்குப் பலகை வராமல் போனது எனக்கும் தெரியும். எல்லாம் ஏரோப்ளேனுக்குப் போய்விட்டதாம். மிஷின்களுக்குச் சாமானும் வரவில்லை. மிஷின் பழுது பார்க்கும் ஸ்டோர் பிட்டர்மார் தாங்களே அடித்து உருட்டிச் சமாளித்தார்கள். அதை சி.து. பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார்.

“ஒவ்வொரு தோட்டத்துலயும் ஸ்டோர் இருக்கு, டெய்லர். பிட்டர் இருக்கு, கடைசல் மிஷின் இருக்கு, ஆசாரி இருக்கு. இந்த நாட்டுப் பட்டாளத்துக்கு ஏரோப்ளேன் இங்கயே செய்யலாம். ஒடஞ்சா இங்கயே பழுது பார்க்கலாம். எதுக்கு சீமைக்கு அனுப்பணும்? நீ என்ன சொல்ற?”

நான் என்ன சொல்ல? “செய்யலாம் துரை.”

சர்க்கார் சரி என்றால் பதுளைப் பக்கம் பெரிய பட்டறை வருமாம். மரத்துக்கு ஒரு கூடம், என்ஜினுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று. துணிக் கூடத்துக்கு நான் தலைவன். எனக்குக் கீழே பத்துப் பதினைந்து பெண்கள் இருந்து தைப்பார்கள். சம்பளம் என்ன என்று கேட்க மறந்துவிட்டேன். பத்துப் பதினைந்து பேர் என்றதும் காது அங்கேயே நின்றுவிட்டது.

பின்னேரம் லினன் துணிக்கட்டைப் பிரித்தேன். மாப்பிள்ளைச் சட்டைக்குக்கூட இப்படி ஒரு துணி என் கையில் பட்டதில்லை. முழுக்கட்டையும் பீப்பாய்த் தண்ணீரில் நனைத்துப் போட்டேன். நனைத்துக் காயவைக்காமல் கத்தரி வைப்பவன் தையற்காரன் இல்லை, கசாப்புக்காரன்.

அக். 10, வெள்ளி

ஜும்மாவுக்கு லுணுகலை போக நினைத்தேன். பாதை சேறு, வண்டி ஓடவில்லை. மாடியிலேயே தொழுதேன்.

கொழுந்து வாட்டும் இடம் என்பதால் துணி நன்றாகக் காய்ந்துவிட்டது. அளந்தேன், வெட்டினேன், மிஷினில் ஓட்டினேன். துண்டு மிச்சமில்லை, அவ்வளவு கணக்காக வெட்டு. ஆசாரி வந்து பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் மர விலை மட்டும்தான் வரும்.

மத்தியானம் மிஷினோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆசாரி கேட்டிருப்பாரோ?

அக். 13, திங்கள்

வெயில். இரண்டு நாள் எழுதவில்லை, எழுத ஒன்றுமில்லை.

இன்று துணியை இறக்கையில் மாட்டியாயிற்று. உறை போட்ட தலையணை மாதிரி. இனித்தான் உண்மையான வேலை. உள்ளே இருக்கும் மரச்சட்டங்களை விலா என்கிறார்கள். ஒவ்வொரு விலாவோடும் துணியைச் சேர்த்து ஊசியால் கட்ட வேண்டும். இறக்கையை நிமிர்த்தி நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நான் ஊசியை உள்ளே விட்டால் அந்தப் பக்கத்து ஆள் இழுத்துத் திருப்பி விட வேண்டும். தனி ஆளால் ஆகாது.

“கை வேகமான ஆள் ஒருத்தர் வேணும் துரை” என்று நேற்றே சொல்லியிருந்தேன். இன்று காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணியிடம் சொல்லி ஒரு கொழுந்துக்காரியை அனுப்பிவிட்டார். ராமாயி. முப்பத்தைந்து வயது இருக்கும். வாயில் வெற்றிலைச் சிவப்பு. புருஷன் காய்ச்சலில் போய்விட்டானாம், அதை மழை பெய்தது என்பது போலச் சொன்னாள். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல என்னை ‘நானா’ என்கிறாள்.

முதல் ஊசியை அவள் பக்கம் விட்டேன். திரும்பி வரவே இல்லை.

“என்னம்மா?”

“பாத்துக்கிட்டிருக்கேங்க நானா. எம்மாம் பெரிய ஊசி! யானைக்குக் காது குத்தலாம்.”

சிரித்துவிட்டேன். சத்தம் போட்டுச் சிரித்து நாளாகிவிட்டது, தொண்டை நொந்தது.

அக். 14, செவ்வாய்

பாதி விலா முடிந்தது. துணி மெல்லிசு, ஜன்னல் அவள் பக்கம். அவள் நிழல் தெரிகிறது, முகம் தெரியாது. ஊசி வருகிறது, போகிறது. அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள்.

தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளை தூங்கிப்போன கதை. கங்காணி மீசைக்குக் கரி பூசுகிற கதை. சங்கதி எல்லாம் அவளிடம், “ம்” எல்லாம் என்னிடம்.

“நானா, இருக்கீங்களா, தூங்கிட்டீங்களா?”

“இருக்கேன்.”

“இது எதுக்குங்க? சாமியைத் தூக்கிட்டுப் போகவா?”

“சண்டைக்கு.”

“சண்டைதான் முடிஞ்சிருச்சே!”

“அடுத்த சண்டைக்கு.”

“அதுக்கு இப்பவே சட்டை தைக்கிறீங்களா!”

நான் சொன்னது மொத்தம் நாலைந்து வார்த்தை. ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு ஆளோடு இவ்வளவு நேரம் பேசியதில்லை. ஸபியாவும் இப்படித்தான், ஒரு பதிலுக்குப் பத்துக் கேள்வி. அவள் இருந்தபோது “கொஞ்சம் சும்மா இரு புள்ள” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

அக். 15, புதன்

காலையில் முகச்சவரம். எதற்கு?

ராமாயி வர நேரமானது. இரண்டு தரம் படியில் இறங்கிப் பார்த்தேன். “புள்ளைக்கு இருமலுங்க” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். என் கஷாயப் பொட்டலத்தில் பாதி கொடுத்தேன்.

துணிக் கூடத்துக்கு வேண்டியவை (சி.து. கேட்டார், எழுதித் தர வேண்டும்):
கிழக்கு ஜன்னல்.
நீள மேசை இரண்டு.
ஊசி, மெழுகு நூல்.
தேத்தண்ணீர் வைக்க அடுப்பு.
பேசக் கூடாது என்று பலகை மாட்டக் கூடாது.
ராமாயிக்கு முதல் வேலை.

கடைசி இரண்டையும் அவருக்குக் கொடுக்கும் தாளில் எழுதவில்லை. நாற்பத்தெட்டு வயதில் என்ன இது. பேச்சுத் துணைக்கு ஆசை, வேறொன்றுமில்லை. வேறொன்றுமில்லை என்று இரண்டு தரம் எழுதினால் நானே நம்ப மாட்டேன், அதனால் ஒரு தரம் போதும்.

தையல் முடிந்தது. கடைசி முடிச்சை நான் போட்டேன், நூலை அவள் அறுத்தாள். நல்ல தையல், நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

அக். 16, வியாழன்

வெயில் என்று நம்பினோம். பத்து மணிக்கு மேல் பனி இறங்கிவிட்டது.

துணியின் மேல் பூச சீமையில் ஒரு வார்னிஷ் உண்டாம், பழ வாசனை அடிக்குமாம். அது இங்கே கிடைக்கவில்லை. முதல் முதல் பறந்த காலத்தில் கஞ்சிதான் பூசினார்கள் என்றார் சி.து. ராமாயி ஜவ்வரிசி காய்ச்சினாள். மூன்று பேரும் பூசினோம். உலர்ந்ததும் துணி சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைக்க வேண்டுமாம்.

பின்னேரம் சி.து. விரலால் தட்டினார். தொப். மறுபடி தட்டினார். தொப்.

“ஏன் இறுகலே?”

எனக்குப் பெருமை வேறு. “அது சுருங்காது துரை. வெட்டுறதுக்கு முன்னமே நனைச்சுக் காயப்போட்டுட்டேன். இனி எத்தனை தண்ணி பட்டாலும் அப்படியே இருக்கும்.”

சி.து. பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

“டெய்லர். சுருங்கத்தான் வேணும்.”

உடம்புக்குத் தைக்கிறவனுக்குத் துணி சுருங்கினால் பிழை. இதற்குச் சுருங்காவிட்டால் பிழை. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க என்ன இருக்கிறது, நனைப்பது என்பது எனக்குத் தொழுகைக்கு முன்னால் ஒளுச் செய்து கை கால் கழுவுவது மாதிரி. இப்போது வேறு துணி கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். சர்க்கார் ஆட்கள் நாளை மறுநாள் வருகிறார்கள்.

ராமாயி கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டே, “போனாப் போகுது விடுங்க நானா” என்றாள். அவளுக்குப் போனால் போகும். எனக்கு அந்தக் கூடம் வேண்டும். அந்தச் சத்தம் வேண்டும்.

அக். 18, சனி

மழை வரும் போல, வரவில்லை.

இரண்டு வெள்ளைக்காரர், ஒரு கொழும்புக் கிளாக்கர். நேற்று முழுவதும் தொய்வு தெரியாமல் இருக்க ஓரங்களை இழுத்து இழுத்துத் தைத்தேன், விரல் நுனி எல்லாம் புண். முதலில் பாரம் தாங்குகிறதா என்று பார்க்க இறக்கையைக் கவிழ்த்து மேலே மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். ஆசாரியின் மரம் அசையவில்லை. சி.து. முகத்தில் வெளிச்சம்.

பிறகு ஒருவர் குடையின் நுனியால் துணியைக் குத்தினார். குழி விழுந்தது, விழுந்த குழி எழும்பவில்லை. அவர் மற்றவரைப் பார்த்தார். எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ‘டீ’ என்ற சொல் மட்டும் அடிக்கடி விழுந்தது. குடிக்கிற டீயா, விளைகிற டீயா?

மழைக்குப் பயந்து சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

சி.து. என்னிடம் வந்து சொன்னார்: “ஏரோப்ளேன் சீமையில செய்யறது, இங்க தேயிலை செய்யறது. அதான் அவங்க பேச்சு. உன் துணி இல்ல, டெய்லர். வரும்போதே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தாங்க.”

உண்மையா, என் மனம் நோகாமல் இருக்கவா? அவருக்குத் தெரிந்திருந்தாலும் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியவும் போவதில்லை.

அக். 19, ஞாயிறு

ஸ்டோர் ஓடவில்லை. மாடியில் நானும் இறக்கையும். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் தப்பு மேளச் சத்தம், யார் வீட்டிலோ விசேஷம். போய் நின்று பார்க்கலாமா என்று நினைத்தேன். யார் கூப்பிட்டார்கள்?

மழை.

அக். 20, திங்கள்

சி.து. காலையிலேயே வந்தார். துணியைப் பிரித்து நானே எடுத்துக்கொள்ளலாமாம். மரம் ஆசாரிக்கு, அலமாரி செய்ய. ராமாயியும் வந்து வாசலில் நின்றாள், இன்றைக்கு எங்கே வேலை என்று கேட்க.

“பிரிக்க எத்தனை ஆள் வேணும், டெய்லர்?”

“ரெண்டு பேர் துரை.” யோசிக்காமல் வந்துவிட்டது. “ராமாயி கை பழகின கை. நாலு நாள் இருந்தா போதும்.”

நூலை அறுக்க இரண்டு பேர் எதற்கு என்று எந்தத் தையற்காரனும் சிரிப்பான். சி.து.வுக்கு அது தெரியாது. சரி என்று தலையாட்டினார்.

ராமாயிதான் வாயைத் திறந்தாள். “பிரிக்கிறதுக்கு எதுக்குங்க தொர ரெண்டு பேரு? நானா ஒருத்தரே கத்திரிய வச்சு ஓட்டிருவாரு. என்னைய மலைக்கே அனுப்பிருங்க. எங்க ஆளுகளப் பாத்து ஒரு வாரமாச்சு. இந்த மாடியில பேச ஒரு ஆளு கெடையாது, வாயெல்லாம் பூட்டுன மாதிரி இருக்கு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மனதில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்து, “வாறேங்க நானா, ஒடம்பப் பாத்துக்கங்க” என்றும் சொன்னாள். கூடையை எடுத்துக்கொண்டு படியில் கடகடவென்று இறங்கிவிட்டாள்.

பேச ஆள் கிடையாது.

நான் என்னதான் பேசினேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ம். இருக்கேன். சண்டைக்கு. அடுத்த சண்டைக்கு. ம். சொல்ல நினைத்ததெல்லாம் இந்தப் புத்தகத்தில் இருக்கிறது, அவள் காதில் எது விழுந்தது?

அக். 21, செவ்வாய்

நல்ல வெயில். விடிந்ததிலிருந்து பிரிக்கிறேன். அந்தப் பக்கத்து முடிச்சுகளை அறுக்க இறக்கையைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். என் பக்கம் சுவர். நிழல்கூட விழுந்திருக்காது, ஊசி மட்டும்தான் வந்திருக்கும்.

ஜன்னலுக்கு வெளியே மலையில் கொழுந்துப் பெண்களின் பேச்சு, சிரிப்பு. எது அவள் குரல் என்று தெரியவில்லை. பிரிக்க இன்னும் ஆறு விலா இருக்கிறது.