முற்றாத பத்திரம்

அப்பா,

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீசில் அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது, கூடவே கோபமும் வந்தது. நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. உயிரோடு இருந்தபோதும் படவிடவில்லையே, பிறகு எப்போதுதான் படுவது?

ராஜபாளையத்துப் பருத்தி அரவை மில்லில் எடை போடும் வேலை உங்களுக்கு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, என் பேரில் இதே தபாலாபீசில் சேமிப்புப் பத்திரம் வாங்கி, டிரங்குப் பெட்டியில் அம்மாவின் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்தீர்கள். "ஏட்டி, இதுதான் ஒன் காலேஜ். எவன்ட்டயும் கை நீட்ட வேண்டாம்" என்றீர்கள். நம் தெருவில் பெண்ணைக் காலேஜுக்கு அனுப்ப நினைத்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் இந்த எரிச்சல் ஆறவே மாட்டேன் என்கிறது.

மதுரையில் இடம் கிடைத்தது. பீஸ் கட்டும் நாள் வந்தபோது பத்திரம் முதிர இன்னும் காலம் இருந்தது. முன்னாலேயே மாற்றினால் வட்டி குறையும், அவ்வளவுதான். நீங்களோ அதைத் தொடாமல், பருத்தி வியாபாரி ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கினீர்கள். பத்திரம் தருவதைவிட மூன்று மடங்கு வட்டி! சிலேட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். காலேஜில் நான் எடுத்திருந்ததே கணக்குத்தான். நீங்கள் சிலேட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"காய் தானா வெடிக்கணும்ட்டி. பிஞ்சுல ஒடைச்சா பஞ்சு தேறாது."

பருத்தியையே பார்த்துப் பழகிய கண்ணுக்குக் காகிதமும் காயாகத்தான் தெரிந்திருக்கிறது. சரி, வெடித்ததை மழைக்கு முன்னால் எடுக்காவிட்டால் கறுத்துப்போகும் என்பதும் உங்களுக்குத் தெரியும்தானே? அது மட்டும் எப்படி மறந்தது?

இரண்டாம் வருஷம் வியாபாரி நம் வீட்டு வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தார். வட்டி கொடுத்தே உங்கள் சம்பளம் கரைந்தது. ஹாஸ்டலுக்குக் கட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. நீங்களே மதுரைக்கு வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தீர்கள். ரயிலில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கெஞ்சினேன். "பத்திரத்தை ஒடைங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"செத்த நாள் வீட்ல இரு. முத்தட்டும், பொறவு போலாம்" என்றீர்கள்.

முற்றியது. அன்று பால்கோவாப் பொட்டலத்தோடு வந்தீர்கள். "பாத்தியா, தம்பிடி நட்டமில்லாம முழுசா வாங்கிட்டேன்" என்று சிரித்தீர்கள். சாயங்காலமே அம்புட்டும் வியாபாரி கைக்குப் போனது. காலேஜில் என் இடம் எப்போதோ போயிருந்தது. பால்கோவாவை நான் தொடவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்கவும் இல்லை. பிறகு டிரெயினிங் முடித்து மம்சாபுரம் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி ஆனேன். சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு மேல் என் கணக்குப் போகவில்லை.

இப்போது தங்கச்சிக்கு அதே மதுரையில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்காக நான் வாங்கி வைத்த பத்திரத்தோடு இன்று தபாலாபீஸ் ஜன்னலில் நின்றேன். உள்ளே இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, இன்னும் செத்த நாள் பொறுத்தா முழுசா கெடைக்குமே. இப்ப மாத்துனா நட்டம்" என்றார். எரிச்சல் தலைக்கேறியது.

"நட்டமாகட்டும். மாத்துங்க."

அவ்வளவு வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன், அப்பா. போகிற வட்டியை மனசு தன்னால் கூட்டிப் பார்த்தது. எல்லாம் உங்களிடமிருந்து வந்த பயம். பக்கத்தில் தங்கச்சி மூச்சுவிடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டல் முடிவதற்குள் கையெழுத்தைப் போட்டேன்.