ஹால்வோரின் இடுப்புப் பட்டை

மார்ச் 18, புதன்

இன்றும் குழந்தைகள் காப்பகத்தில் அதே பேச்சு. மதியம் சாப்பிட்டதும் மற்ற பிள்ளைகளை எல்லாம் வெளியே, கூரைச் சார்ப்புக்குக் கீழே, தள்ளுவண்டிகளில் வரிசையாகப் படுக்க வைத்துவிடுகிறார்கள். பனி பெய்தாலும் அதுதான் வழக்கம். என் மகள் தூவா மட்டும் உள்ளே, மூலையில் ஒரு மெத்தையில். தூங்குவதில்லை.

“குளிர்காத்து மூக்குல பட்டாத்தான் அதுங்களுக்குத் தூக்கம் வரும், யோருன். ஒரு நாள் விட்டுப் பாரேன்” என்றாள் அங்கே வேலை செய்கிற பெண்.

வேண்டாம் என்றேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

வழியெல்லாம் தூவா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். இன்னும் இரண்டு வயது முடியவில்லை. தூக்கம் இல்லாத குழந்தையின் முகம் பெரியவர்கள் முகம் மாதிரி ஆகிவிடுகிறது.

மார்ச் 21, சனி

பியோர்க் போன் செய்தாள். ஈஸ்டருக்கு மலைக்குப் போகிறார்களாம். அவள், அவள் புருஷன் ஸ்டெய்னார், ஒட்னி. வருஷா வருஷம் போவதுதான், பியோர்க்கின் அப்பா கட்டிய மரவீட்டுக்கு. போன வருஷம் வரை நாங்களும் போனோம்.

“நான் வரல” என்றேன்.

“நீ வரலன்னா நாங்களும் போகல. ஈஸ்டர் முழுக்க உன் வீட்டு சோபாலதான் கிடப்போம். ஸ்டெய்னார் குறட்டை விடுவான், இப்பவே சொல்லிட்டேன்.”

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அப்போதிருந்தே அவளிடம் என்னால் பேசி ஜெயிக்க முடிந்ததில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வேலை முடிந்து வந்து கொட்டகையைத் திறந்தேன். தூவாவை உட்கார வைத்து இழுக்கிற சறுக்குவண்டியை அவள் அப்பா ஹால்வோர் மேலே மாட்டி வைத்திருந்தான். இறக்கித் துடைத்தேன். இரண்டு நீளக் கம்பிகள், அவற்றின் முனையில் இழுப்பவர் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பட்டை. அந்தப் பட்டை அவன் அளவிலேயே இருக்கிறது. கொக்கி எப்போதும் ஒரே இடத்தில் நின்று நின்று, துணி தேய்ந்து அங்கே வெள்ளையாக ஒரு கோடு. சும்மா என் இடுப்பில் வைத்துப் பார்த்தேன். உள்ளே இன்னொரு ஆள் நிற்கலாம்.

சாயங்காலம் ஸ்டெய்னார் வந்து வண்டியை எடுத்துப்போனான். பட்டையை மட்டும் மாற்றிவிடாதே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. என்ன பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பான்.

அது போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹால்வோருக்கு லீவுதானே, தூங்கட்டும் என்று கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தேன். காபி போட்டேன். ஆறிப்போயிற்று, மறுபடி போட்டேன். தூவா ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள், அப்பா தூங்குறார், சத்தம் போடாதே என்று நானே அடக்கினேன். முதல் பனிகூட விழுந்திருக்கவில்லை. ரோட்டில் பனி வாருகிற தன் வண்டியை அவன் அந்த வருஷம் வெளியே எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு தூங்கும் யாரையும் நான் நம்புவதில்லை.

ராத்திரி தூவாவின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு படுக்கிறேன். மூச்சு பட்டதும் அப்பாடா என்று இருக்கும். அடுத்த மூச்சுக்கு மறுபடி காத்திருக்க வேண்டும்.

மார்ச் 28, சனி

வந்துவிட்டோம்.

ரோடு முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு காலில் சறுக்குப் பலகை மாட்டி மேலே வந்தோம். எப்போதும் குச்சி மாதிரி இருக்கும் ஸ்டெய்னார், காரிலிருந்து இறங்கியபோது பீப்பாய் மாதிரி இருந்தான்.

“என்னய்யா இது, எத்தனாவது மாசம்?” என்றாள் ஒட்னி. அவள் ஸ்கூல் டீச்சர். வாய் சும்மா இருக்காது.

“கேக். எல்லாம் கேக்தான்” என்று சொல்லிக்கொண்டே பட்டையைக் கட்டிக்கொண்டான். கொக்கி ‘டக்’ என்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். நான் குனிந்து தூவாவின் ஆட்டுத்தோலைச் சரி செய்தேன்.

எதிர்காற்று முகத்தில் அடிக்காதபடி அவளைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்தோம். அவன் முன்னால் இழுத்தான், நான் வண்டிக்குப் பின்னால். கொஞ்ச தூரம் போவதற்குள்ளேயே தலை சாய்ந்துவிட்டது. அவள் வாயிலிருந்து வருகிற ஆவியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆவி தெரியாதபோதெல்லாம் “நில்லு” என்று கத்தினேன். அவன் நின்றான். கையுறையைக் கழற்றி மூக்கருகே விரலை வைத்தேன். சில்லென்ற விரல் பட்டதும் முழித்து அழுதாள். மறுபடி கிளம்பினோம். மறுபடி நில்லு.

“நீ பாக்கறதாலதான் அவ எழுந்துக்கறா” என்றாள் பியோர்க். பிறகு, “நார்வேல பொறந்துட்டு ஒரு குழந்தைய வெளிய தூங்க விட மாட்டேங்கறாளே” என்று பனியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஒட்னி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “யோருன், ஒரு தடவ தலைய தூக்குடி. மலை வந்து எவ்ளோ நேரமா நிக்குது.”

நான் பார்த்த மலை எல்லாம் தூவாவின் சிவப்புக் குல்லாய்தான்.

மார்ச் 29, ஞாயிறு

ஏரியில் ஐஸை உடைத்துத் தண்ணீர் கொண்டுவந்தோம். ஈஸ்டருக்கென்று பால் டப்பாவில் அச்சடித்து வருகிற கொலைக் கதையை ஒட்னி சத்தமாகப் படித்தாள். பாதியிலேயே பியோர்க், “தோட்டக்காரன்தான் கொலைகாரன்” என்றாள். சரியாக இருந்தது.

“இவகூட ஒரு டப்பா பால் நிம்மதியா குடிக்க முடியாது” என்றான் ஸ்டெய்னார். “ஹால்வோர்னா ஒரு தடவையாவது தப்பா சொல்லுவான்.”

வந்ததிலிருந்து அந்தப் பெயரை யாரும் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் அடுப்பைப் பார்த்தார்கள். தூவா எழுந்து போய், கதவோரம் ஆணியில் தொங்கிய இடுப்புப் பட்டையைத் தொட்டு, “அப்பா” என்றாள்.

யாராவது அழுவார்கள் என்று பயந்தேன். “ஆமாடி செல்லம், அப்பாவோடதுதான்” என்று பியோர்க் சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு துண்டு பழுப்பு சீஸ் கொடுத்தாள். அவ்வளவுதான். அவ்வளவுதான் அதற்குத் தேவைப்பட்டது.

மார்ச் 30, திங்கள்

தூவா தூங்கவில்லை. நானும்.

ஏப்ரல் 1, புதன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்பதாவதோடு நின்றவள் நான். நான் வேலை செய்கிற சலவை அறையில் பெரிய படுக்கை விரிப்புகளைக் காயப் போடும்போது சில சமயம் நடுவில் மாட்டிக்கொள்வோம். நாலு பக்கமும் வெள்ளை, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, சத்தம்கூட அமுங்கிப்போகும். இன்று மலை முழுக்க அப்படி இருந்தது.

காலையில் வெயில் இருந்ததால்தான் கிளம்பினோம். ஏரியைத் தாண்டியதும் மூட்டம் இறங்கிவிட்டது. வானம் எது, தரை எது, ஒன்றும் இல்லை. வழி காட்டப் பனியில் நட்டிருக்கும் குச்சிகள் ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாகப் போயின. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காலுக்கே தெரியவில்லை. தூவா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் ஒரு பனித்துகள் விழுந்து, கொஞ்சம் யோசித்து, கரைந்தது.

அப்போது ஏன் நிமிர்ந்தேன் என்று தெரியாது.

முன்னால் ஹால்வோர் போய்க்கொண்டிருந்தான்.

அதே அகலமான முதுகு. பட்டை அதே இடத்தில். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு கம்பிகளும் லேசாகக் கிறீச்சிட்டன. அவன் இழுத்தான், நான் பின்னால் போனேன். எனக்கு ஆச்சரியமாகவே இல்லை, அதுதான் ஆச்சரியம். ஓ, இங்கேதான் இருக்கிறாயா என்பதுபோல இருந்தது. இத்தனை மாசமும் பனிக்குள்ளே எங்கேயோ இப்படியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறான், நாங்கள்தான் வரத் தாமதித்துவிட்டோம் என்று தோன்றியது. அவன் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இப்படியே போகலாம். பேசுவதற்கு ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவோம்.

ஒருமுறைகூட நான் “நில்லு” சொல்லவில்லை. தூவா ஒருமுறைகூட எழவில்லை.

மரவீட்டின் கூரை கறுப்பாகத் தெரிந்தபோதுதான் அழுகை வந்தது. அது யாருக்கும் தெரியவில்லை. குளிரில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர்தான்.

உள்ளே போனதும் ஸ்டெய்னார் அந்தப் பக்கம் திரும்பி நின்று ஜாக்கெட்டைக் கழற்றினான். அதற்குள் ஒரு ஸ்வெட்டர். அதற்குள் இன்னொன்று. அதற்கும் உள்ளே, வயிற்றைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய ஒரு தலையணை. நனைந்து பிழிகிற மாதிரி வேர்த்திருந்தான்.

நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

ஏப்ரல் 2, வியாழன்

காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை. எனக்குக் கோபம். யாரு கேட்டா இவன? நான் கேட்டேனா? ஒரு செத்துப்போனவன் மாதிரி வேஷம் கட்டிக்கிட்டு என் முன்னால நடந்தா—

ஸ்டெய்னார் விறகு வெட்டுகிற இடத்துக்குப் போனேன்.

“எதுக்குடா அப்படிப் பண்ண?”

அவன் கோடரியைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் காலால் பனியைத் தள்ளினான்.

“அன்னைக்கு உன் வீட்டுலேர்ந்து வண்டிய எடுத்துட்டுப் போனேன்ல. பட்டைய இறுக்கலாம்னு கொக்கிய புடிச்சேன். அந்த வெள்ளக் கோடு இருக்கு பாரு... அது அவன் நிக்கற இடம். கை வரல. சரி, பட்டைய மாத்த வேணாம், நம்ம இடுப்ப மாத்திக்கலாம்னு.”

“அஞ்சு நாளா?”

“மொத நாள் வெறும் ஸ்வெட்டருங்கதான், ஒண்ணு மேல ஒண்ணு. பட்டை வழுக்கிச்சு. அப்புறம்தான் தலகாணி.”

ஜன்னலிலிருந்து பியோர்க், “என் தலகாணி. நான் நாலு நாளா கோட்ட சுருட்டி வெச்சுப் படுக்கறேன்” என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது. அக்டோபருக்குப் பிறகு இப்படிச் சிரித்ததாக ஞாபகம் இல்லை. சிரித்துச் சிரித்து விறகுக் கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வேஷம் இல்லை. நான்தான் நேற்று அப்படிப் பார்த்தேன். அவன் பாவம், அந்த வெள்ளைக் கோட்டைக் காப்பாற்றத்தான் அவ்வளவு வேர்த்தான்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

நல்ல வெயில். தெற்குச் சுவரை ஒட்டிப் பனியில் பள்ளம் தோண்டி, ஆட்டுத்தோல் விரித்து, எல்லோரும் முகத்தைச் சூரியனுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தோம். ஆரஞ்சு, கோக்கோ. ஒட்னி மூக்கில் ஒரு காகிதத்தை ஒட்டிக்கொண்டாள், சுடாமல் இருக்க.

தூவா பக்கத்திலேயே, வண்டியில் தூங்கிப்போனாள். நான் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. ஒரு ஆவி, ஒரு சொட்டு. ஒரு ஆவி, ஒரு சொட்டு. மரச்சுவர் முதுகுக்கு இதமாக இருந்தது, அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியில் சாய்ந்த மாதிரி.

உதட்டில் ஏதோ சில்லென்று, இனிப்பாகப் பட்டது.

கண்ணைத் திறந்தேன். தூவா என் மேல் ஏறி நின்று, ஒரு ஆரஞ்சுச் சுளையை என் வாய்க்குள் அழுத்திக்கொண்டிருந்தாள். சுவரில் வெயில் இல்லை. யாரோ என்மேல் கம்பளி போர்த்தியிருந்தார்கள்.

“எவ்ளோ நேரம்?” என்று கேட்டேன்.

“சூரியன் வீட்டையே சுத்திட்டுப் போயாச்சு” என்றாள் பியோர்க். “அவ எழுந்து, வண்டிலேர்ந்து இறங்கி, ரெண்டு ஆரஞ்சு தின்னு, உன்ன எழுப்பப் பாத்தா. நீ அசையல. என்னடா இதுன்னு நாங்களே ஒரு தடவ பயந்துட்டோம்.”

“மூக்குல கைய வெச்சுப் பாத்தியா?”

“ஒட்னி வெச்சா.”

அவள் தூங்கியிருக்கிறாள். நான் பார்க்காமலே மூச்சு வந்து போயிருக்கிறது. எழுந்தும் இருக்கிறாள். நானும் எழுந்துவிட்டேன்.

இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கலாம் போல இருக்கிறது. எழுந்துவிட்டாள். எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

இறங்கி வந்துவிட்டோம். வீட்டில் பழைய வாசனை.

காலையில் கிளம்பும்போது ஸ்டெய்னார் தலையணையைத் தேடிக்கொண்டிருந்தான். அதன்மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

“பட்டைய குடு” என்றேன்.

இடுப்பில் வைத்து இழுத்தேன். துணி விறைத்துப்போயிருந்தது, கொக்கிக்குள் வர மறுத்தது. பல்லைக் கடித்து இழுத்தேன். வெள்ளைக் கோடு கொக்கியைத் தாண்டி வந்து, மிச்சப் பட்டையோடு பக்கத்தில் தொங்கியது. எங்கேயும் போய்விடவில்லை, அங்கேதான் தொங்கியது.

டக்.

“அப்பாடா, இனி மூச்சு விடலாம்” என்றான் ஸ்டெய்னார். அவன் மறுபடி எலும்பாக இருந்தான்.

இழுப்பவருக்குக் குழந்தையின் முகம் தெரியாது. அது எனக்குத் தெரியும். ஆனால் இடுப்பில் தெரிகிறது. முழித்திருக்கும் குழந்தை ஆடும், வண்டி பக்கத்துக்குப் பக்கம் இழுக்கும். தூங்கியதும் கனம் ஒரே சீராகி, அமைதியாகப் பின்னாலேயே வரும். எந்த இடத்தில் தூங்கினாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஹால்வோர் இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவனுக்குத் தோன்றியிருக்காது.

பின்னால் பியோர்க் வந்தாள். ஆவி வருதா, ஆவி வருதா என்று ஒவ்வொரு அடிக்கும் கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. இல்லை, ஒரு தடவை கேட்டேன்.

“முன்னால பாத்து போடி” என்றாள்.

பார்த்தேன். மலை அங்கேதான் இருந்தது, நீலமாக, ஒன்றும் அவசரம் இல்லாமல்.

ஏப்ரல் 9, வியாழன்

எழுத உட்கார்ந்து தூங்கிவிட்டேன் போல. பேனா தலையணைக்குக் கீழே கிடந்தது.

ஏப்ரல் 16, வியாழன்

காலையில் காப்பகத்தில் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள், “வெளியவா? நிஜமாவா?” என்று. நாள் முழுக்க விரிப்புகளைத் தப்பாக மடித்தேன்.

சீக்கிரமே விட்டார்கள். போனபோது இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. சார்ப்புக்குக் கீழே வண்டிகள் வரிசையாக நின்றன, எல்லாம் மூடியபடி. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தூவாவின் வண்டி கடைசியில், நீல மூடி போட்டது.

பக்கத்தில் போனேன். மூடியின் ஓரத்தில் கை வைத்தேன்.

பிறகு கையை எடுத்துவிட்டு, படியில் இடம் துடைத்து உட்கார்ந்து, அவள் எழுந்திருக்கும்வரை காத்திருந்தேன்.